ரிப்பன் இல்லாத பெட்டி

அந்த அறைக்குள் போவதற்கு முன்னால் உடம்பில் இருக்கிற இரும்பையெல்லாம் நான் கழற்றி வைத்துவிட வேண்டும். கொண்டை ஊசி, சேஃப்டி பின், கத்தரிக்கோல் எல்லாம் கதவோரத் தட்டில். என் கணவர் போட்ட சட்டம் இது. உள்ளே மேஜைமேல் இருக்கிற காந்தங்கள் அப்படிப்பட்டவை. ஒரு தடவை என் கத்தரிக்கோல் கையைவிட்டுப் பறந்துபோய் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்தெடுப்பதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கிவிட்டது.

அவர் ஸ்பீக்கர் செய்கிறார். கடையில் விற்கிற, காகிதக் கூம்பு வைத்த ஸ்பீக்கர் இல்லை. மரச்சட்டத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை இழுத்துக்கட்டி, அதில் அலுமினியத் தாளை வளைத்து வளைத்து ஒட்டி, பின்னால் காந்தங்களை வரிசையாக நிறுத்துவார். குரலின் கனமெல்லாம் அந்தப் படலத்திலிருந்து வரும். அதற்கு மேலே ஒரு நீளமான இடுக்கு. இடுக்கின் இருபக்கமும் காந்தம், நடுவில் ஒற்றை அலுமினியத் துண்டு தொங்கும். ரிப்பன் என்போம். விரல் அகலம்தான். பெருமூச்சு விட்டாலே கிழிகிற மெலிசு. மணியின் கிணுகிணுப்பு, 'ஸ்' என்று சீறுகிற சத்தம் மாதிரி மெல்லியதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

ரிப்பனை வெட்டிச் சுருக்கம் வைத்து மாட்டுவது என் பொறுப்பு. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். துணிக்குச் சுருக்கம் வைக்கிற கைக்கு இது பெரிய விஷயமில்லை. இரண்டு சின்னப் பல்சக்கரங்களுக்கு நடுவே தாளைவிட்டு உருட்ட வேண்டும், பிறகு இடுக்கில் தொங்கவிட்டு மேலும் கீழும் பித்தளைத் திருகால் இறுக்க வேண்டும். அவருக்கு அவசரக் கை. தொட்டாலே கிழித்துவிடுவார்.

அவர் ஒரு மண்டபத்தில் சவுண்ட் ஆள். கூட்டம், கச்சேரி எது நடந்தாலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்கு முன்னால் அவர்தான். அங்கே எல்லோரும் அவரைப் பாம்புக்காது என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் உச்சி குளிர்ந்து போகும். ஆனால் கொஞ்ச நாளாகப் புகார் வந்துகொண்டிருந்தது. சத்தம் கூசுகிறது, தலை வலிக்கிறது என்று பாதி நிகழ்ச்சியில் ஆட்கள் எழுந்து போனார்கள். மண்டபத்து ஸ்பீக்கர் சரியில்லை என்று இவர் சாதித்தார். கடைசியில் மேனேஜர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "உங்க வீட்டுக்கே வந்து உங்க ஸ்பீக்கர் பெட்டியைக் கேட்கிறேன். நல்லா இருந்தா மண்டபத்துல மாட்டிக்கலாம், மிக்ஸர்ல நீங்களே இருங்க. இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

மிக்ஸர் இல்லாவிட்டால் இந்த மனிதர் இல்லை. அது எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. நான் மாட்டுகிற ஒவ்வொரு ரிப்பனையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவார். "உயிரே இல்லையே. நீ இழுத்துக் கட்டிட்ட." இன்னொன்று மாட்டினால், "இப்ப தொளதொளன்னு விட்டுட்ட." எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். "எனக்கு நல்லாத்தானே கேட்குது?" என்பேன். "உனக்கு என்ன தெரியும், டெய்லரம்மா? தையல் மெஷின் சத்தத்துல உட்கார்ந்திருக்கிற காது," என்பார். அந்த மெஷின் கீச்சுக்கீச்சென்று கத்துகிறது, எண்ணெய் விடுங்கள் என்று எத்தனையோ நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். "எங்க கத்துது? நல்லாத்தானே ஓடுது," என்று தட்டிக்கழிப்பார். சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

மேனேஜர் வருகிற அன்று மத்தியானம் அவருக்குப் புதிதாக ஒன்று தோன்றியது. சுருக்கம் ஆழமாக இருப்பதுதான் குற்றம், மேலோட்டமாக வைத்தால் பாடும் என்றார். பல் ஆழமில்லாத வேறொரு சக்கர ஜோடியை எங்கிருந்தோ தேடியெடுத்து அவரே நாலைந்து துண்டுகளை உருட்டித் தட்டில் வைத்தார். "மாட்டி வை. குளிச்சுட்டு வந்துடறேன்," என்று போனார்.

மாட்டினேன். அழகாக, நூல் பிடித்த மாதிரி நடுவில் தொங்கியது. நேராக இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன். காலையில் ஒரு பாவாடைக்கு மடிப்புப் பிடித்தபோது என் ரவிக்கைக் கழுத்தில் குத்திவைத்த குண்டூசி அங்கேயே இருந்திருக்கிறது. குத்தியது ஞாபகம் இருக்கிறது, எடுத்தது ஞாபகமில்லை. பட்டென்று ஒரு சத்தம். குண்டூசி காந்தத்தில் நின்றுகொண்டிருந்தது. ரிப்பன் மேலிருந்து கீழ்வரை கிழிந்து இரண்டு நூலாகத் தொங்கியது.

கிழிந்ததைப் பிய்த்தெடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டேன். வேறொன்று மாட்டலாம் என்று தட்டைத் தொடுவதற்குள் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்துவிட்டார். "முடிஞ்சுதா?" கை தானாகக் கறுப்புத் துணியை எடுத்து இடுக்கை மூடியது. கோபம் வந்தால் வாயை மூடத் தெரியாதவள் நான், பயம் வந்தால் திறக்கத் தெரியவில்லை.

அவர் சுவிட்சைப் போட்டுவிட்டார். மண்டபத்தில் பதிவு செய்த ஒரு பெண்ணின் பேச்சு. போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வந்தது. 'ஸ்' எல்லாம் செத்துப் போயிருந்தது. இதோ கண்டுபிடித்துவிடுவார், இதோ கத்தப்போகிறார் என்று சுருட்டிய தாளைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றேன்.

அவர் கண்ணை மூடினார். தலையை மெல்ல ஆட்டினார்.

"இதான்," என்றார். "இதான் நான் கேட்டது. பார்த்தியா? சுருக்கம்தான் குத்தம். எவ்வளவு துல்லியமா பேசுது பாரு!"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கிண்டல் இல்லை, குழந்தை மாதிரி சந்தோஷம்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் துணிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. இவ்வளவு நாள் நான் மாட்டிய ரிப்பன்களில் உயிர் இருந்தது. மண்டபத்தில் ஆட்கள் எழுந்து போனது பொய்யில்லை. இவருக்குக் கேட்கிறவரை மேல் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைத் திருகிக்கொண்டே போயிருக்கிறார். மெஷின் கத்தியதும் உண்மைதான்.

"மேனேஜர் வர்றதுக்குள்ள மேல் சத்தத்தை இன்னும் கொஞ்சம் தூக்கி வைப்போம்," என்று குமிழுக்குக் கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் எந்த நேரமும் வரலாம். சொன்னால் இவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் மேனேஜர் முன்னால் அசிங்கப்படுவார். இரண்டில் எதைத் தாங்குவார் என்று யோசிக்க நேரமில்லை. துணியைப் பிரித்தேன்.

அவர் வெறும் இடுக்கைப் பார்த்தார். காந்தத்தில் நின்ற குண்டூசியைப் பார்த்தார்.

"எப்ப கிழிஞ்சுது?"

"நீங்க பாட்டுக்கு சுவிட்சைப் போட்டுட்டீங்க. அதுக்கு முன்னாடியே."

"சொல்லாம இருந்தியா? அறிவிருக்கா உனக்கு? அந்த ஆள் வர்ற நேரத்துல..." என்று கத்த ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்காமல் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு மாட்டு," என்றார்.

மாட்டினேன். எப்படி மாட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் தன் போனை ஆம்ப்ளிஃபயரில் சொருகி, சுருதி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிற ஒற்றைச் சத்தம் ஒன்றை வைத்தார். "கேட்கிற வரைக்கும் விரலைத் தூக்கி வெச்சுக்கோ. நானும் வெச்சுக்கறேன்." எதிரெதிரே உட்கார்ந்தோம். சத்தம் விசில் மாதிரி ஆகி, இன்னும் ஏறியது. அவர் விரல் இறங்கிவிட்டது. என் விரல் நின்றது. சத்தம் ஏற ஏற அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யாக இறக்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் கண் விடவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, விரல் அப்படியே இருந்தது.

வெளியே மேனேஜரின் குரல் கேட்டது.

"குமிழை நீ வை," என்றார் அவசரமாக. "உன் காதுக்கு எது சரியோ அதுல நிறுத்து."

நிறுத்தினேன். மேனேஜர் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே கேட்டார். கொஞ்ச நேரத்தில் காலாட்டுவதை நிறுத்தினார். "பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கேய்யா! கூசவே இல்ல. இதைத்தானே இத்தனை நாளா கேட்டேன்? மாட்டிடுங்க. மிக்ஸர்ல நீங்களே இருங்க."

பேசாமல் இருங்கள் என்று அவருக்குக் கண் ஜாடை காட்டினேன். மண்டபத்துக்கு நானும் போகலாம், பக்கத்தில் உட்காரலாம், விரலைக் காட்டலாம், யாருக்குத் தெரியப்போகிறது? மனதுக்குள் எல்லாம் திட்டம் போட்டுவிட்டேன். அவர் என் ஜாடையைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"பெட்டி நான் செஞ்சது சார். ரிப்பன் மாட்டினது இவ. இப்ப நீங்க கேட்ட அளவை வெச்சதும் இவதான். மேல் சத்தம் எனக்குக் கேட்கலை. மிக்ஸருக்கு வேற ஆளைப் பாருங்க."

"யாருக்கு, பாம்புக்காதுக்கா?" என்று மேனேஜர் சிரித்தார். கூடச் சிரிக்க யாருமில்லை. அவர் எழுந்து என் கணவரின் தோளைத் தொட்டார். பெட்டிகளுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார், மிக்ஸரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்று கத்தினேன். அவர் அறைக்குள் போய் எதையோ தேடினார். எண்ணெய்க் குப்பியோடு வந்து என் தையல் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஓட்டு," என்றார்.

மிதித்தேன். கீச்சென்று கத்தியது. அவர் மெஷினைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு இடமாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். எங்கே அழுத்தும்போது என் முகம் சுளிப்பது நின்றதோ, அங்கே ஒரு சொட்டு விட்டார்.

"நின்னுதா?" என்று கேட்டார்.