இரண்டு அறைகளும் இறுக்கி மூடிய டப்பாக்களும்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை நான் யோசித்தது அல்ல, ஒட்டுக்கேட்டது. தங்கை மகளைத் தெரபிக்குக் கூட்டிப்போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா போனில் யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

இப்படித் தொடங்கினேன்: ‘மழை சோவெனப் பெய்த ஒரு மாலையில், பேசாத அந்தக் குழந்தையின் கண்கள்…’

(நிறுத்திவிட்டேன். குழந்தை பேசவில்லை என்றதும் மழையைக் கூப்பிடுவது என் கெட்ட பழக்கம். அன்று மண்டையைப் பிளக்கும் வெயில்.)

2

அந்த அம்மாவின் மகளுக்கு இரண்டரை வயது. வீட்டில் ‘சுண்டு’. வளர்ச்சி கொஞ்சம் பிந்தியிருக்கிறது. நடப்பாள், சிரிப்பாள், ஆனால் யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். வேண்டியதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், கிடைக்காவிட்டால் பேசாமல் போய்விடுவாள். மகள் ஒரே ஒரு தடவை தன்னிடம் எதையாவது கேட்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை.

பேச்சுப் பயிற்சி தரும் மேடம் வழி சொன்னார்.

“அவளுக்குப் பிடிச்சதெல்லாம் உள்ளே தெரியற டப்பால போட்டு இறுக்கி மூடிடுங்க. திறந்து தரச்சொல்லி உங்ககிட்ட வந்தே ஆகணும். கையை நீட்டினாக்கூடப் போதும்.”

அம்மா எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. பிஸ்கட், பந்து, பொம்மை எல்லாம் டப்பாவுக்குள் போயின. மற்றவர்கள் கேட்பதைப் பார்த்தால்தானே குழந்தை கற்கும் என்று அப்பாவின் கண்ணாடியும் வண்டிச் சாவியும்கூடப் போயின.

“ஆபீஸுக்கு நேரமாச்சும்மா, சாவியைக் குடு.”

“இப்படியா கேட்பாங்க? என் கண்ணைப் பார்த்து, கையை நீட்டிக் கேளுங்க.”

மூன்றே வாரத்தில் அப்பா நல்ல முன்னேற்றம் காட்டினார்.

3

[மேடத்துக்கு அடுத்த அறைக்காரரைச் சேர்க்கலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். வேண்டுமென்றே கோத்துவிட்டதாகச் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.]

அடுத்த அறையில் கைப்பயிற்சி தரும் சார். சுண்டுவின் விரல்களுக்குப் பலம் வர அவர் தேர்ந்தெடுத்த பயிற்சி: டப்பா மூடியைத் திருகித் திறப்பது.

ஆறாவது வாரம் சுண்டு வீட்டிலிருந்த எல்லா டப்பாக்களையும் தானே திறந்துவிட்டாள். அப்பாவின் சாவியையும் எடுத்துக் கொடுத்தாள். (அவர் அப்போதும் கையை நீட்டித்தான் கேட்டார்.)

ஒரு அறையின் மதிப்பீட்டுத் தாளில் ‘மிகச் சிறப்பு’. மறு அறையின் தாளில் ‘முன்னேற்றம் இல்லை’. ஒரே சுவரின் இருபுறமும் இருந்த இருவரும் அன்றுதான் இதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

“நான் மூடச் சொல்றேன், நீங்க திறக்கக் கத்துக்கொடுக்கறீங்களா?”

“விரல் நல்லா வேலை செய்யுது மேடம். அதுக்கு மன்னிப்பா கேட்கணும்?”

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். “எல்லாத்தையும் அவளே எடுத்துக்கறா. இனிமே அவளுக்கு நான் எதுக்கு?”

4

முடிவு அ: சுண்டு ‘அம்மா’ என்கிறாள். (எழுதியதும் எனக்கே கண் கலங்கியது. வெட்கப்பட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: சாரும் மேடமும் சுவரை இடித்து ஒரே… (சகிக்கவில்லை.)

முடிவு இ: மறுவாரம். பந்தை உள்ளே போட்டு, சார் பல்லைக் கடித்துக்கொண்டு மூடியை இறுக்குகிறார். பத்து எண்ணும்வரை யாரும் பேசக் கூடாது, உதவக் கூடாது என்கிறார் மேடம். சுண்டு திருகுகிறாள். மூடி அசையவில்லை. டப்பாவைக் கீழே வைக்கிறாள். மறுபடி எடுக்கிறாள். எழுந்து, டப்பாவோடு அம்மாவை நோக்கி நடக்கிறாள்.

‘நீட்டி’ என்று எழுதத் தொடங்கினேன். அம்மா என்னைத் தடுத்துவிட்டாள்.

“எழுதிடாதீங்க சார். நீங்க எழுதினா அது நீங்க கேட்டதா ஆயிடும். அவ கேட்கணும்.”

பேனாவை மூடிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. சுண்டு இரண்டடி தூரத்தில் நிற்கிறாள். அம்மா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஏழு வரை எண்ணிவிட்டேன். மீதி மூன்றை நீங்கள் எண்ணுங்கள். மெதுவாக, மனசுக்குள்ளேயே.