யூதாஸின் காசும் ரோசியம்மாவின் புளியும்

1

இந்தக் கதை, ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் ஃப்ளோரன்ஸ் என்ற பெண் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே சொன்னாள். ஊசி விழுந்துவிடும் என்று அவள் சொல்லாமல் விட்டதையெல்லாம் நான்தான் நிரப்பியிருக்கிறேன்.

"அக்கா, நீங்க பத்திரிகைல எழுதறீங்கல்ல? என் கதைய எழுதுங்க. கடைசில கல்யாணம் நடந்துடணும். அச்சுல வந்துச்சுன்னா எங்கம்மா எதையும் நம்பும்."

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். கல்யாணத்தில் கொண்டுபோய் முடிப்பது எனக்குப் பழகிய வேலை. இந்தக் கதையில்தான் ஒரு காசு குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

2

முதல் தொடக்கம்: "அந்தி மயங்கும் வேளையில் கடற்கரையில் பாஸ்கல் அவளுடைய விரல்களை" (அடித்துவிட்டேன். ஃப்ளோரன்ஸ் விரும்புகிற பாஸ்கல் துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அந்தியில் அவனுக்கு ஷிப்ட்.)

இரண்டாவது தொடக்கம்: "எருசலேம் நகரில், ஒரு வியாழக்கிழமை" (இதையும் அடித்துவிட்டேன். ஆனால் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று பாஸ்கலின் அப்பா சத்தியம் செய்கிறார்.)

அந்த அப்பா, ஸ்டானிஸ்லாஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிடையரானவர். வேலையில் இருந்த காலத்தில், கடலடிச் சேற்றை வாரிக் கரையில் கொட்டியபோது, பச்சை பிடித்த ஒரு காசைக் கண்டெடுத்தார். ஒரு பக்கம் தாடி வைத்த முகம் மாதிரி ஏதோ. மறுபக்கம் எழுத்து மாதிரி ஏதோ. அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ஆண்டவரைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசில் இது ஒன்று.

எருசலேம் காசு ராயபுரத்துக்கு எப்படி வரும் என்று யாரோ கேட்டார்களாம்.

"இன்னாய்யா கேள்வி இது? ஹார்பருக்கு வராத சரக்கு எது?"

அதிலிருந்து ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும், கோயிலில் ஆராதனை முடிந்ததும், தெருவே அவர் வீட்டுக்குப் போய்க் காசைத் திட்டிவிட்டு வரும். வரிசையில் நின்றுதான் திட்டவேண்டும். ஸ்டானிஸ்லாஸ் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நிற்பார். அந்த ஒரு நாள், பங்குச் சாமியாரைவிட அவர் பெரிய ஆள்.

வரிசையில் முதல் ஆள் எப்போதும் சிலுவையம்மாள். ஃப்ளோரன்ஸின் அம்மா, மீன் விற்கிறவர். அவர் திட்டியதில் ஒரு வருஷம் காசு கூசிப்போய்ப் புரண்டு படுத்துவிட்டது என்று தெருவில் இன்றும் சொல்கிறார்கள்.*

* என்ன திட்டினார் என்பதை எழுதினேன். ஆசிரியர் எடுத்துவிட்டார்.

3

பாஸ்கல் வீட்டார் ஃப்ளோரன்ஸைப் பெண் கேட்டபோது அதே சிலுவையம்மாள் சொன்னார்:

"திட்றதுக்குப் போற வூடு வேற, பொண்ணு குடுக்கிற வூடு வேற. யூதாஸு துட்டு கீற வூட்ல எம்பொண்ணு உலை வெக்க மாட்டா."

"நைனா, அத்தத் தூக்கிக் கடல்ல போட்டுடேன்" என்றான் பாஸ்கல்.

"முப்பதுல ஒண்ணுடா! மிச்சம் இருவத்தொம்போது எங்க கீதுன்னு எவனுக்கும் தெரியாது. நம்மளுது மட்டும்தான் கீது."

கடைசியில் சிலுவையம்மாள் ஒரு படி இறங்கி வந்தார். வேதத்தில் வெள்ளிக்காசு என்றுதான் இருக்கிறது. இது வெறும் செம்பு என்று கண்ணால் காட்டிவிட்டால் தாலி கட்டிக்கொள்ளலாம்.

(வாசகர் கவனிக்கவேண்டும். பழைய காசு வைத்திருப்பவர்கள் அது அசல் என்று நிரூபிக்கத்தான் அலைவார்கள். என் காதலர்கள் போலி என்று நிரூபிக்க அலைந்தார்கள்.)

4

பாஸ்கலின் அம்மா ரோசி நல்லவர். உதவி செய்ய நினைத்தார், அதுதான் வினை. பச்சை பிடித்தால் செம்பு, செம்பென்றால் புளி என்பது அவர் கணக்கு. காசைப் புளியிலும் உப்பிலும் ஊறப்போட்டார். எடுத்துத் தேங்காய்நாரால் தேய்த்தார். சிவப்பு வரவில்லை. மறுபடியும் ஊறப்போட்டார்.

"அய்யோ மாதாவே! ஊற ஊற வெள்ளையாயிகினே போவுதே!"

சிலுவையம்மாள் மீன்கூடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "நல்லா வெளக்கிக் காட்டிட்ட ரோசி. யூதாஸு கையில இருந்தப்போகூட இம்மாம் பளபளப்பு இருந்திருக்காது."

5

பாஸ்கல் காசை மண்ணடிக்கு எடுத்துப் போனான். அங்கே ஹபீபுல்லா என்ற சரித்திரப் பேராசிரியர் பழங்காசு சேர்க்கிறவர். ("அவர் கண்களில் ஒரு பழைய காதலின்" வேண்டாம், அவருக்கு எதற்குக் காதல்.) கல்யாணத் தகராறைக் கேட்டுக்கொண்டே பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"இதிலே எழுத்து இருந்ததா தம்பி?"

"இருந்துச்சு சார்."

"இப்போ எங்கே?"

"புளித்தண்ணில. அம்மா ஊத்திட்டாங்க."

"அந்த எழுத்து இருந்தால் எந்த ராஜா காசு என்று சொல்லி, உன் கல்யாணத்தை இன்றைக்கே முடித்திருப்பேனே! பச்சை பிடித்த காசை யாராவது கழுவுவார்களா?"

எடை போட்டார், உரசினார். மட்டமான கலப்பு. கால் பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. மேலே இருந்த செம்பைப் புளி தின்றுவிட்டது. வெள்ளி மட்டும் தோல் மாதிரி நிற்கிறது. அரத்தால் கொஞ்சம் ராவினால் உள்ளே சிவப்புத் தெரியும்.

"இந்தக் காசைக் கொடுத்திருந்தால் யூதாஸே வாங்கியிருக்க மாட்டான்" என்றார்.

வீட்டில் இது எடுபடவில்லை. "அரமா? முப்பதுல ஒண்ணு மேலயா? மவனே, மொதல்ல எம்மேல ராவு" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"கால் பங்கு வெள்ளின்னா கால் பங்கு யூதாஸு" என்றார் சிலுவையம்மாள். எத்தனை பங்குக்கு மேல் பாவம் என்று பங்குச் சாமியாரைப் போய்க் கேட்டார்கள். அவர் எண்ணூரில் ஒரு நோயாளியைப் பார்க்க உடனே கிளம்பிவிட்டார்.

6

முடிவு ஒன்று: ஸ்டானிஸ்லாஸ் மனம் மாறி, கண்ணீரோடு காசைக் கடலில் (முடியாது. காசு இல்லாத பெரிய வெள்ளிக்கிழமையில் அவர் வெறும் ரிடையரான கிரேன் டிரைவர். அவருக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.)

முடிவு இரண்டு: காதலர்கள் காலடிப்பேட்டைக்கு ஓடிப்போய் (ஃப்ளோரன்ஸ் ஊசிகளைத் துப்பிவிட்டாள். "எங்கம்மா இல்லாத கல்யாணமா? வேணாங்க்கா.")

ரவிக்கை வாங்கப் போன அன்று அவள் பொத்தான் டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே காசு. பேராசிரியர் மறுபடி பார்க்கவேண்டுமாம் என்று அப்பாவிடம் சொல்லி, பாஸ்கல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். கூடவே ஒர்க்‌ஷாப் அரமும் வந்திருக்கிறது. தாடி முகம் இருந்த பக்கம் வெள்ளை வெளேரென்று அப்படியே. எழுத்துப் பக்கம் மட்டும் ராவி, சிவப்பு.

"பெரிய வெள்ளிக்கிழம மட்டும் மாமா வெள்ளைய மேல வெச்சிக்கட்டும்க்கா. மிச்ச நாளெல்லாம் செவப்பு மேல. எல்லாருக்கும் ஒரு காசு போதாதா?"

7

சிலுவையம்மாள் எந்தக் கதையிலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாராம், கல்யாணம் உண்டா என்று பார்க்க. ஆகவே இது அவருக்கு. (ஸ்டானிஸ்லாஸ் கதை படிப்பதில்லை. தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவேண்டாம்.)

அம்மா, தாலி கட்டும் வரி இங்கே இல்லை. அச்சில் வந்தால் நீங்கள் நம்பிவிடுவீர்கள் என்று உங்கள் மகள் சொன்னாள். அதனால்தான் எழுதவில்லை. காசு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, பொத்தான் டப்பாவில். உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். சிவப்பு மேலே வந்தால், நீங்கள் கொடுத்த வார்த்தை உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

வெள்ளை மேலே வந்தால் வழக்கம்போலத் திட்டுங்கள், மனசு ஆறுகிற வரைக்கும். உங்கள் வாய்க்கு அது தானாகவே புரண்டு படுக்கும் என்கிறார்கள்.

படுக்காவிட்டால், ஒரு விரலால் லேசாகத் தள்ளிவிடுங்கள். மிஷினை மிதிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு உங்கள் மகள் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.