மதகடிச் சாமிகள்

கிணற்றுத் தெருக்காரர்களுக்கு வெட்கமே கிடையாது என்று கலைமணி முடிவு கட்டிப் பல மாதம் ஆகிவிட்டது. காலையில் குப்பை வண்டி மணியடித்துக்கொண்டு வாசலுக்கே வருகிறது. அப்போது ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. வண்டி போன பத்தாவது நிமிடம் கேரி பேக்கைச் சுருட்டிக்கொண்டு வந்து தெருமுனை மதகடியில் வீசிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி நடந்து போவார்கள். கேட்டால், நான் மட்டுமா போடுகிறேன் என்பார்கள். தெரு முழுக்க இந்த ஒரே பதில்தான்.

கடலூர் முதுநகரில் இருந்தது அந்தத் தெரு. பெய்கிற மழை மொத்தமும் அந்த ஒரு மதகு வழியாகத்தான் ஓடைக்குப் போக வேண்டும். மதகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் முதலில் ஏறுவது பள்ளத்தில் இருக்கும் கலைமணி வீட்டில். போன வருஷம் ஐப்பசியில் அப்படித்தான் ஏறியது. ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் கலியமூர்த்தி, சாமான்களைத் தூக்கி வைக்கிறேன் என்று அந்தச் சாக்கடைத் தண்ணீரில் அரை நாள் நின்றார். சர்க்கரை உடம்பு. காலில் இருந்த சின்னப் புண் சீழ் பிடித்து, கடைசியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னொரு தடவை அழுக்குத் தண்ணீர் பட்டால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இப்போது குடும்பம் ஓடுவது கலைமணியின் வேலையில். தினமும் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், கீழ வீதியில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டு விற்கும் கடையில் நிற்கிறாள். புதுப் படம் வாங்குகிறவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். வீட்டில் இருக்கும் பழசை என்ன செய்வது? உடைந்த படத்தை வீட்டில் வைத்துக்கொள்ளவும் பயம், குப்பையில் போடவும் பயம். கலைமணி புதுப் படத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே, "சாமி இருக்கிற எடமா பாத்து வச்சிட்டு வந்துடுங்க" என்பாள். பதினோரு வருஷமாக இதே பதில்தான். யோசிக்காமலே வாயில் வந்துவிடும்.

மதகடியில் சாமி டைல்ஸ் ஒட்டலாம் என்று அவளுக்குத் தோன்றியதும் அந்தக் கடையில்தான். பிள்ளையார், மாதா, மசூதி மூன்றும் ஒன்றாக இருக்கிற டைல்ஸ். எந்த வீட்டுக்காரனும் தப்பிக்க முடியாது. எதிர்வீட்டு சார்லஸ், கோர்ட்டில் குமாஸ்தா, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட் குழைத்துக் கொடுத்தார். இரண்டு பேருமாக மூக்கைப் பொத்திக்கொண்டு மதகடியைச் சுத்தம் செய்து, சுவரில் டைல்ஸை ஒட்டினார்கள். மறுநாளிலிருந்து ஒரு கேரி பேக் கூட விழவில்லை. இத்தனை வருஷம் சாமியைக் கூப்பிடாமல் மனுஷர்களிடம் தொண்டை கிழியக் கத்தினோமே என்று கலைமணிக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை. முதலில் யாரோ ஒரு காய்ந்த மாலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்புறம் கண்ணாடி உடைந்த முருகர் படம். பின்னாலேயே கை ஒடிந்த மாதா சொரூபம், கொலு பொம்மை, பழைய காலண்டர், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அகல் விளக்கு. முன்பெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வந்து வீசினவர்கள், இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு, வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். குப்பை வண்டிக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள். சாமியை எப்படி அள்ளி வண்டியில் போடுவது, பாவமில்லையா என்றார்கள். கலைமணி வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டாள். அது என்ன குப்பையா என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மதியமே கடையில் சொல்லிக்கொண்டு கிளம்பி வந்தவள், தெருவில் இறங்கியபோது கணுக்கால் வரை தண்ணீர். வீட்டு வாசலில் இரண்டாவது படி முழுகியிருந்தது. இன்னும் ஒரு படிதான் பாக்கி. உள்ளே கலியமூர்த்தி கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கினால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையோடு மதகுக்கு ஓடினாள். சார்லஸும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

மதகு வாயில் ஏதோ பலகை போலக் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் மாலை, துணி, பிளாஸ்டிக் எல்லாம் வந்து அப்பியிருந்தன. இரண்டு பேரும் மாறி மாறி நெம்பினார்கள். அரை மணி நேரம் போராடி வெளியே இழுத்தால், பெரிய சாமி படம் ஒன்று. தண்ணீர் கடகடவென்று இறங்க ஆரம்பித்தது.

"எந்தப் படுபாவி வீட்டு படம்னு பாருங்கண்ணே. இன்னைக்கு அவன் வாசல்ல போயி நின்னு நாறடிச்சிடறேன்" என்றாள் கலைமணி.

சார்லஸ் சட்டத்தைத் திருப்பிச் சேற்றை வழித்தார். படித்தார். அவளிடமே நீட்டினார். பின்பக்கம் பெயிண்ட்டில் எழுதியிருந்தது: கலியமூர்த்தி, கலைமணி திருமண அன்பளிப்பு.

அவளுடைய நடராஜர். ஆயுத பூஜைக்குக் கடையிலிருந்து புதுப் படம் கொண்டுவந்து மாட்டியவள், விரிசல் விட்ட பழசை எடுத்து வெளியே வைக்கச் சொல்லிப் புருஷனிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருந்தாள். அதோடு மறந்தும் போனாள்.

வீட்டுக்குள் படத்தோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் கலியமூர்த்திக்குப் புரிந்துவிட்டது. அவள் கேட்காமலே சொன்னார்.

"நீதான கலை எல்லாருக்கும் சொல்லுவ, சாமி இருக்கிற எடமா பாத்து வைக்கணும்னு. அதான் இந்தக் கால வச்சிக்கினு மதகு வரைக்கும் நடந்து போயி வச்சிட்டு வந்தேன்."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை. படத்தைக் கழுவி, துடைத்து, பீரோ மேல் வைத்தாள்.

மறுநாள் கடையில் ஒரு அம்மாள் புது முருகர் படம் வாங்கினாள். வழக்கம்போல, பழசை என்னம்மா செய்வது என்று கேட்டாள். கலைமணி பேப்பர் சுற்றுவதை நிறுத்தினாள்.

"உங்க வீட்லயே இருக்கட்டும்மா. வெளிய போச்சின்னா அது எங்க வீட்டு வாசலுக்குத்தான் வரும்."

அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல்லாவில் இருந்த முதலாளி முறைத்தார். கலைமணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.