எலும்பு மீனுக்குத் தீட்டு உண்டா?

ஆண்டியப்பனின் மகள் ஜீவராணி குவைத்தில் வீட்டுவேலை செய்தாள். லீவில் வந்தபோது, அந்த வீட்டுப் பிள்ளைகள் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு டிவி கேமையும் அதில் போடும் விளையாட்டுக் கெசட்டையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தாள். லிந்துலைக்கு மேலே, அவர்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கரண்டு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. திரும்பிப் போகுமுன் எந்த வயரை எங்கே சொருகுவது, எந்தப் பட்டனை அழுத்தினால் ஆள் தாவுவான் என்றெல்லாம் அப்பாவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆண்டியப்பன் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலர் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர். மெஷினென்றால் அவருக்குப் பயமில்லை. முதுகில் மூட்டை கட்டிய ஒரு குள்ளன் மிதக்கும் கல்லுக்குக் கல் தாவிப் போகவேண்டும், அதுதான் விளையாட்டு. பள்ளம், முள்வேலி, உருண்டு வரும் பாறை எல்லாவற்றையும் ஆண்டியப்பன் சீக்கிரமே தாண்டிவிட்டார். அதற்குப் பிறகு குள்ளன் தண்ணீருக்குள் குதித்தான். அங்கே ஒரு குகை. குகைக்குள்ளிருந்து அந்த மீன் வந்தது.

அதற்குச் சதையே கிடையாது. தலை, நடுமுள், சீப்புப் பல் மாதிரி விலாமுள், வால், அவ்வளவுதான். மஞ்சளாக ஒரு கண் மட்டும் எரிந்தது. குள்ளன் நீந்தத் தொடங்கியதும் அந்தக் கண் சிவந்தது, மீன் நேராகப் பாய்ந்தது, குள்ளன் குமிழியாக வெடித்துப் போனான். மிதித்தாலும் அது சாகவில்லை. ஒதுங்கினாலும் விடவில்லை.

ஆண்டியப்பன் இதைச் சொந்தப் பகையாக எடுத்துக்கொண்டார்.

"சதையில்லாத மீனு எதுக்கு என்னயத் தொரத்துது? தின்னாலும் எங்க போய்ச் சேரும்?" என்று மனைவி மீனம்மாவிடம் கேட்டார்.

கொழுந்தெடுத்துவிட்டு அப்போதுதான் வந்து, இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாக்குப் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்த மீனம்மா, "அத அதுக்கிட்டயே கேளுங்க" என்றாள்.

எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் ஆண்டியப்பன் யோசித்தார். ஸ்டோரில் ரோலர் சுற்றச் சுற்ற அதையே யோசித்தார். தான் எப்போதோ தின்று முள்ளைத் துப்பிய மீன்களில் ஏதோ ஒன்று கணக்குத் தீர்க்க வந்திருக்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்தார். அன்றிலிருந்து மீன் கறியைத் தொடவில்லை. மீன் பாய்வது குறையவும் இல்லை. கடைசியில் மாரியம்மன் கோயில் பூசாரி மூக்கனிடம் போய்ச் சொன்னார்.

மூக்கன் எதையும் அலட்சியமாகப் பேசுகிற ஆளில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "முள்ளு மட்டுந்தான் இருக்குன்னா அது செத்த மீனு. செத்தும் அலையுதுன்னா ஏதோ கொறை இருக்கு. கேட்டுப்புடுவோம்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் உடுக்கும் வேப்பிலையுமாக வந்தார். டிவிக்கு விபூதி பூசி, முன்னால் உட்கார்ந்து உடுக்கை அடித்தார். மீனை வெளியே வரவழைக்க ஆண்டியப்பன் விளையாட்டு ரிமோட்டைப் பிடித்திருந்தார். கண் மஞ்சளாக எரிந்ததும் மூக்கன் குரலை உயர்த்தினார்.

"நீ யாரு? எந்தத் தண்ணியில செத்த? ஒனக்கு என்ன..."

குள்ளன் வெடித்தான்.

"கேள்விய முடிக்க விடமாட்டேங்குது" என்றார் மூக்கன். "நீங்க கொஞ்சம் கூடுதலா உசுரோட இருக்கப் பாருங்க, ஆண்டியப்பன்."

ஆண்டியப்பனால் முடியவில்லை. மூக்கன் உடுக்கை அவரிடம் கொடுத்துவிட்டு ரிமோட்டைத் தானே வாங்கிக்கொண்டார். அவருக்கும் அதே கதிதான். அன்றிலிருந்து தினமும் வந்தார். முதலில் உடுக்கை விட்டுவிட்டு வந்தார், பிறகு வேப்பிலையையும்.

உடுக்குச் சத்தம் கேட்ட நாளிலேயே சிவரூபன் மாஸ்டரும் எட்டிப் பார்த்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், பக்கத்துக் குவாட்டர்ஸில் தனியாக இருந்தார்.

"என்ன பூசாரி, டிவிக்குப் பேய் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டபடி உள்ளே வந்தவர், சிரிக்காமல் பொறுமையாக விளக்கினார். "அந்த மீனுக்கு ஒண்டும் தெரியாது. ஆரோ எழுதி வச்சபடி அது ஓடுது. நாங்கள் வலது பக்கம் போனால் அதுவும் வலது பக்கம் வரும். அவ்வளவுதான். இஞ்சை தாங்கோ, காட்டுறன்."

காட்டினார். குள்ளன் வெடித்தான். மறுபடி காட்டினார்.

"இதிலை ஏதோ பிழை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவர், மறுநாள் சோக்குக் கட்டியோடு வந்து டிவிக் கண்ணாடியிலேயே மீன் பாயும் கோணத்தைக் கோடு போட்டார்.

இப்படியாக அந்த ஒற்றை அறைக் காம்பராவில் ஒவ்வொரு சாயங்காலமும் மூன்று ஆண்கள் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தார்கள். மழையில் நனைந்து வருகிற மீனம்மாவுக்குக் கால் நீட்ட இடமில்லை. அடுப்பு மூட்டி மூவருக்கும் பிளேன்டீ ஊற்றவேண்டும். சோக்குக் கோட்டைத் துடைக்கவேண்டும். துடைத்தால் மாஸ்டர் வருத்தப்படுவார்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியான பிறகாவது பூசாரி வரமாட்டார் என்று நினைத்தாள். கையில் மஞ்சள் காப்போடு அன்றைக்கும் வந்தார்.

அன்று தேத்தண்ணிக் கோப்பைகளைத் தரையில் வைத்துவிட்டு மீனம்மா கையை நீட்டினாள். "குடுங்க அத. இந்தச் சனியன் முடிஞ்சாத்தான் நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போவீங்க."

ஆண்டியப்பன் கொடுத்துவிட்டார். அவள் ரிமோட்டை அகப்பையைப் பிடிப்பது போலப் பிடித்தாள். எந்தப் பட்டன் எதற்கென்று தெரியாது. குள்ளன் மெதுவாக இறங்கி மணலில் நின்றான். குகையிலிருந்து மீன் வந்தது.

"நீந்துங்கோ அக்கா, இடது பக்கம்" என்றார் மாஸ்டர்.

"தாவு, தாவு" என்றார் புருஷன்.

"கொஞ்சம் பேசாம இருங்க. நான் இப்பத்தான் பாக்குறேன்."

உண்மையில் அவள் அந்த மீனை அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை. அது வாயைத் திறந்து திறந்து மூடியது. குள்ளனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது, இன்னொன்று போட்டது. கண் மஞ்சளாகவே இருந்தது. நாள் முழுக்கச் சரிவில் ஏறியிறங்கிய கால் வலியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் நீலமாக அசைந்தது. குள்ளன் அசையவில்லை. அவளும் அசையவில்லை.

குள்ளனின் வாயிலிருந்து ஒரு காற்றுக் குமிழி கிளம்பி மிதந்து போனது. மீனின் கண் சிவந்தது. குமிழியைத் துரத்திக்கொண்டு பாய்ந்தது, குமிழி கற்சுவரில் பட்டு உடைந்தது, மீனும் அதே வேகத்தில் மோதியது. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். விலாமுள் ஒவ்வொன்றாகக் கழன்று மணலில் இறங்கியது. குகையின் கடைசியில் ஒரு கதவு திறந்தது.

கதவை யாரும் பார்க்கவில்லை.

"செத்துருச்சா?" என்று ஆண்டியப்பன் கேட்டார். இத்தனை நாளாக அதைக் கொல்லத் துடித்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூக்கன் தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"காப்புக் கட்டுன கையோட சாவு வீட்டுல உக்காந்துட்டேனே" என்றார். மெஷினை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்த் தலைமுழுகினார்கள்.

மறுநாள் காலையில் கோயில் வாசலில் கூட்டம். கோயில் கமிட்டித் தலைவர் பொன்னையாவுக்கு அந்த வருஷத் திருவிழாதான் பெயர் சொல்லப்போகிற திருவிழா. ரேடியோ செட் பேசியாகிவிட்டது. மேளக்காரர்கள் வட்டவளையிலிருந்து கிளம்பிவிட்டார்கள். பூசாரி தீட்டென்று சொல்லி ஆலமரத்தடியில் ஒதுங்கி நின்றார், கோயில் படியேற மறுத்தார்.

"மீனு செத்ததுக்கெல்லாம் தீட்டா? கறிக்கடக்காரன் கோயிலுக்கே வரமுடியாதே" என்றார் பொன்னையா.

"கறிக்கு வெட்டுறது வேற. இது நான் நித்தம் போய்ப் பேசிப் பழகுன மீனு. அதுக்கிட்ட நீ யாருன்னு கேட்டிருக்கேன்."

சிவரூபன் மாஸ்டர் முன்னுக்கு வந்தார். இரவெல்லாம் யோசித்திருந்தார் போலிருந்தது. "பூசாரி, அது வரேக்கையே எலும்புதானே? அப்ப அது செத்துக் கனகாலம். தீட்டு அப்பவே கழிஞ்சிருக்கும்."

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். மூக்கன் ஆட்டவில்லை. "அப்ப நேத்து செத்தது எது சேர்? ரெண்டாவது சாவு. ரெண்டாவது சாவுக்குத் தீட்டு உண்டா இல்லையான்னு நீங்க சொல்லுங்க."

இதெல்லாம் தெரிந்த ஐயர் நுவரெலியாவில் இருந்தார், அவரிடம் இதைக் கேட்கப்போக யாரும் தயாராக இல்லை.

பொன்னையா மீனம்மாவைக் கூப்பிட்டார். "கொன்னது நீதானம்மா. நீ என்ன சொல்ற?"

"நான் எங்க கொன்னேன்? சும்மா உக்காந்திருந்தேன். அதுவா போய் முட்டிக்கிச்சு." அவளுக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. "எங்க ஜீவராணி போகையிலேயே சொன்னா. இந்த வெளையாட்டுல வேற வேற கெசட்டு இருக்காம், எல்லாத்துலயும் இந்த மீனு வருமாம். எத்தன தடவ செத்தாலும் வரும்போல."

பொன்னையா துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்பப் போய்ப் பாத்துருவோம்."

கூட்டம் முழுவதும் லயத்துக்கு நடந்தது. காம்பராவுக்குள் கொள்ளாமல் ஜன்னலிலும் வாசலிலும் நின்றார்கள். மெஷினைப் போட்டார்கள். விளையாட்டு முதலிலிருந்துதான் தொடங்கியது. ஆண்டியப்பன் பள்ளத்தையும் முள்ளையும் பாறையையும் தாண்டித் தண்ணீருக்குள் குதித்து, ரிமோட்டை வாசல்படியில் நின்ற மூக்கனிடம் நீட்டினார். மூக்கன் இரண்டு கையாலும் வாங்கினார்.

குகை இருட்டாக இருந்தது. ஒன்றும் வரவில்லை. மூக்கன் மெல்ல ஒரு பட்டனை அழுத்தி நீந்தினார். மஞ்சளாக ஒரு கண் எரிந்தது, சிவந்தது, பாய்ந்தது. குள்ளன் வெடித்தான்.

மூக்கன் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். "வந்துருச்சு. கொன்னுபுடுச்சு."

"உசுரோட இருக்கு. தீட்டு இல்ல" என்று பொன்னையா தீர்ப்புச் சொன்னார்.

"உயிரோட எண்டு சொல்லேலாது..." என்று மாஸ்டர் தொடங்கினார்.

"சேர், நீங்க கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் பொன்னையா.

திருவிழா நன்றாகவே நடந்தது. சாமி ஊர்வலம் ஆண்டியப்பன் வீட்டு வாசலில் மற்ற வீடுகளைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றது என்று சொல்வார்கள்.

எல்லாம் முடிந்ததும் மீனம்மா மெஷினை ஒரு சாக்கில் போட்டுப் பூசாரி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஆண்டியப்பனும் மாஸ்டரும் அங்கே போகத் தொடங்கினார்கள். சாயங்காலத்தில் காம்பரா அவளுக்கே சொந்தமாயிற்று. முதல் நாள் கால் நீட்டிப் படுத்தாள். இரண்டாம் நாளும் படுத்தாள். அதற்கப்புறம் அந்த நேரத்துக்குப் படுக்கப் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருந்தே மீனைக் கொன்ற அம்மாவைப் பார்க்கவேண்டுமென்று டயகமவிலிருந்து நாலைந்து பேர் வந்திருப்பதாகப் பூசாரி ஆள் அனுப்பினார். அவள் தலைவாரிக்கொண்டு போனாள். எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். குள்ளன் மணலில் நின்றான், மீன் வந்தது, சுற்றியது.

மீனம்மா கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள். பிறகு பெருவிரலை ஒரு பட்டனில் வைத்து, என்னதான் ஆகிறதென்று அழுத்தினாள். குள்ளன் துள்ளி நீந்தினான். கண் சிவந்தது. அவளும் இடுப்பை வளைத்து ஒதுங்கினாள், புருஷன் மேல் சாய்ந்தாள், "ஐயோ வர்றான், வர்றான்" என்று அலறினாள். குள்ளன் வெடித்தான்.

வந்தவர்கள் ஏமாந்துபோய் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மீனம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பூசாரி அடுத்த முறைக்காகக் கையை நீட்டினார்.

"இருங்க சாமி" என்றாள், ரிமோட்டை மடிக்குள் இழுத்துக்கொண்டு. "இன்னொரு வாட்டி."