முன் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று

எடையைக் கேட்காமல் காற்றடிக்கக் கூடாது என்பது தம்பியின் கட்சி. டயரின் பக்கவாட்டில் ஓர் எண் அச்சடித்திருப்பார்களே, கண்ணை மூடிக்கொண்டு அதுவரை அடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களைக் கண்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "அது டயர் தாங்குற எல்லை சார், அடிக்க வேண்டிய அளவு இல்ல. லிஃப்ட்ல பதினாறு பேர்னு எழுதியிருந்தா, ஒவ்வொரு தடவையும் பதினாறு பேரைத் தேடிப் பிடிச்சா ஏத்துறோம்?" என்பான்.

பிழைப்புக்குப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கோஷ்டியில் அவனுக்குப் பெயர் பி.எஸ்.ஐ. டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு அது. ஓயாமல் அதையே பேசியதால் அவனுக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. காற்று கூடினால் டயர் கல்லாகிவிடும், ரோட்டில் துள்ளும், ஈரத்தில் வழுக்கும். குறைந்தால் குழியில் இறங்கும்போது ரிம் ட்யூபைக் கடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஆளுக்கு ஆள் ஓர் அளவு உண்டு. ஓட்டுகிறவர் எடையில் ஒரு கிலோ கூடினால் காற்றும் ஏறத்தாழ ஒரு புள்ளி கூட வேண்டும். கோஷ்டியில் யாரும் அவன் கை படாமல் சைக்கிளை நகர்த்துவதில்லை.

அவனுடைய அக்கா கோஷ்டியில் சேர்ந்த அன்று, மரச்சாமான் கடையின் கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. தம்பி பம்பைப் பிடித்தபடி, செருப்பு சைஸ் கேட்பதுபோல, "அக்கா, எடை?" என்றான்.

சுற்றி ஏழெட்டுப் பேர். அதில் ஹெல்மெட்டைக் கழற்றிய அடுத்த நொடியே தலை வாரிக்கொள்வதால் 'சீப்பு' என்று பெயர் வாங்கியவனும் ஒருவன். அக்கா ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன். மற்றவர்கள் என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு குறைய வேண்டும் என்று சொல்வதுதான் அவள் வேலை. வாயில் எண்பத்திரண்டு வர வேண்டும். அறுபத்தெட்டு வந்தது. இடையில் இருந்த பதினாலு கிலோவையும் சத்தமில்லாமல் முழுங்கிவிட்டாள்.

இதில் என்ன பெரிய குற்றம் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். எடை விஷயத்தில் அரிச்சந்திரனாக இருக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் காற்று அவள் மானத்தைத் தாங்கவில்லை, அவளைத்தான் தாங்கியது.

ஒரு ஞாயிறு மேம்பாலத்தில் இறங்கும்போது நடந்தது. பாலத்தின் இரண்டு பகுதிகள் சேருமிடத்தில் தார் பெயர்ந்து ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் முன் சக்கரம் அதில் மோதியதும் டப்பென்று காற்று போய், சைக்கிள் குறுக்கே இழுத்தது. அவளுக்குத் துணையாக எப்போதும் பின்னாலேயே வரும் தம்பி, அவள் மேல் ஏறிவிடாமலிருக்க ஹேண்டில்பாரை ஒடித்தான். தடுப்புச் சுவரில் போய் விழுந்தான். அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

அவர்கள் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது சீப்பு ட்யூபை உருவிப் பார்த்தான். பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. காற்று போதாமல் ரிம் கடித்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

"நீங்க போட்ட கணக்காச்சே சார்," என்றான் சீப்பு. கிண்டலாகக்கூட இல்லை, நிஜமான ஆச்சரியத்தோடு.

தம்பி வலியில் வெளுத்துப்போயிருந்தான். "நான்தான் எங்கேயோ கோட்டை விட்டுட்டேன். அக்கா, ஸாரி. உன்னைக் கொல்லப் பாத்தேன்," என்றான்.

அக்கா அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஓர் எண். அவளோ, "பரவாயில்லடா," என்றாள். அவன் மன்னிப்புக் கேட்கிறான், இவள் மன்னிக்கிறாள். ஆட்டோ வந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க அந்தப் 'பரவாயில்லடா' அவளைப் பிடுங்கித் தின்றது. புதன்கிழமை ஒரு நோயாளி எடை பார்க்க வந்தவர், செருப்பைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து வெளியே வைத்தார். கைக்குட்டையையும் எடுத்து வைத்தார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "மேடம், எங்க வீட்டு மெஷின்ல கம்மியாத்தான் காட்டுது," என்றார் அவர். அவள் தலையைக் குனிந்துகொண்டு எண்ணை எழுதினாள். மெஷின் பொய் சொல்லாது என்று எல்லோரிடமும் சொல்கிற வசனத்தை அன்று சொல்லவில்லை.

சாயங்காலம் கோஷ்டியின் வாட்ஸப்பில் தம்பி எழுதியிருந்தான். இனிமேல் சீப்புதான் எல்லோருக்கும் காற்றடிப்பான், என் கணக்கை நம்ப வேண்டாம், பம்பை ஞாயிறன்று கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்று. கீழே யாரோ கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள்.

தம்பி கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான். வலது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. மடியில் விடைத்தாள்கள், இடது கையால் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தான். எண்கள் கோணல்மாணலாக இருந்தன.

"உன் கணக்கு தப்பில்லடா," என்றாள் நின்றபடியே. "நான் சொன்ன எடைதான் பொய்."

அவன் பேனாவை மூடினான். "தெரியும்," என்றான்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் குறைச்சுத்தான்க்கா சொல்லுவாங்க. சீப்பு ரெண்டு கிலோ குறைப்பான். பேங்க்காரர் நாலு. நான் ஒண்ணும் கேட்டுக்கறதில்ல, மனசுக்குள்ள கூட்டிக்கிட்டு அடிச்சுடுவேன். உனக்கு அஞ்சு கூட்டினேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "நீ டயட்டீஷியனாச்சே. அஞ்சுக்கு மேல இருக்காதுன்னு நினைச்சேன்."

பொய் சொன்னபோது வராத வெட்கம் இப்போது கழுத்துவரை ஏறியது. அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. பொய்யையும் கணக்கில் சேர்த்து, அவள் முகம் வாடாமல் காற்றடித்திருக்கிறான். அந்தப் பெருந்தன்மைக்கும் எட்டாத பொய்யாக இருந்திருக்கிறது அவளுடையது.

"எவ்வளவுக்கா?"

"எண்பத்திரண்டு."

வாத்தியார் மனசு தானாகக் கணக்குப் போட்டது. "எண்பத்திரண்டுக்கு முன் சக்கரத்துல எழுபத்தஞ்சு வெச்சிருக்கணும். நான் வெச்சது அறுபத்தாறு. கடிக்காம என்ன செய்யும்?" என்றவன், பிறகு, "விடு. இதை கோஷ்டியில வந்து சொல்லிட்டிருக்காதே. என் தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்," என்றான்.

அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது அவளுக்கு. வந்த மாத்திரத்தில் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தோள் முறிந்தவன் பெயரையும் கெடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறான், இவள் அதில் நிம்மதி தேடுகிறாள். "இல்ல. ஞாயித்துக்கிழமை நான் சொல்லத்தான் போறேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீட்டு மெஷினில் ஏறிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றவில்லை, எதையும் எடுத்து வைக்கவில்லை. எண்பத்திரண்டேதான். அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

எல்லோரும் வந்திருந்தார்கள். தம்பி ஒரு கையால் பம்பைச் சீப்பிடம் நீட்டியபோது அவள் குறுக்கே வந்தாள்.

"பம்பு அவன்கிட்டயே இருக்கட்டும். அவன் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. நான் அறுபத்தெட்டுன்னு சொன்னேன். என் எடை எண்பத்திரண்டு."

யாராவது சிரித்திருந்தால் தேவலை. யாரும் சிரிக்கவில்லை. பேங்க்காரர் தன் ஷூவைப் பார்த்தார். சீப்பு அவளைப் பார்த்தான், அவள் டயரைப் பார்த்தான், அவசரமாக வேறு எங்கேயோ பார்த்தான். பிறகு, "அப்போ பம்பு சார்கிட்டயே இருக்கட்டும்," என்று அதைத் தரையில் வைத்தான். அவ்வளவில் முடிந்தது. தம்பியின் பெயர் அவனுக்குத் திரும்பிவிட்டது. முகம் எரிந்தாலும் அவளுக்கு நெஞ்சு லேசானது.

"வா, முதல்ல உன்னுதைப் பாத்துடலாம்," என்றான் தம்பி. ஒரு கையால் அவனால் அடிக்க முடியாது. அவள் பம்பின் குழாயை முன் சக்கரத்தில் மாட்டி அழுத்த ஆரம்பித்தாள். அவன் குத்துக்காலிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுபது. எழுபது. எழுபத்தைந்தில் முள் வந்ததும் நிறுத்தினாள்.

"அடி," என்றான்.

அவள் அடித்தாள். முள் எழுபத்தெட்டைத் தொட்டதும், "போதும்," என்றான்.

"எண்பத்திரண்டுக்கு எழுபத்தஞ்சுதானேடா?"

அவன் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கட்டும்க்கா," என்றான், மற்றவர்கள் காதில் விழாதபடி மெல்ல.