டெக்வின் பாரி போட்ட கடைசி ஓட்டு

"செத்துப்போன ஆளை ஓட்டுப் போட வச்சவன் நான். அதுவும் வாயில ஒத்தப் பல்லு இல்லாம!"

இத்வல் ப்ராபர்ட் இதைச் சொல்லிவிட்டு, பட்டாபிஷேகம் முடிந்த ராஜா மாதிரி தேநீர்க் கோப்பையை உயர்த்திப் பிடித்தார். பொந்த்லாஸ் கடைத்தெருவில் அன்றைக்குப் பெய்த மழைக்கு, பிரளயத்தையே பார்த்த நோவாகூடப் பயந்து ஒதுங்கியிருப்பார். டீக்கடைக்குள் வழக்கமான மூன்று பேர், வழக்கமான மேசை, திராட்சை போட்ட ரொட்டி, ஈரக் கம்பளி வாசனை.

இத்வலுக்கு ஊரில் வைத்த பெயர் இரட்டிப்பு இத்வல். அவர் சொன்னதை இரண்டால் வகுத்தால் உண்மை வரும் என்பார்கள். அவரையே கேட்டால் நாலால் வகுக்கச் சொல்வார், அதுவும் மிகைதான். கவுன்சிலராக இருந்த காலத்தில் தான் பேச எழுந்தால் கடலில் அலை நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டவர். கடல் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

"கதைய விடுய்யா," என்றார் எதிரே இருந்த த்ரெவோர். ரிட்டயரான போலீஸ்காரர். சீருடையைக் கழற்றிக் கொடுத்தவர் தொப்பியை மட்டும் கொடுக்கவில்லை என்பதால் தொப்பி த்ரெவோர்.

"கதை இல்ல. பொய்," என்றாள் மூன்றாவது ஆளான மெரெரித், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "டெக்வின் உசிரோடதான் ஓட்டுப் போட்டாரு. அப்புறம்தான் செத்தாரு. உங்களுக்கு எத்தன தடவ சொல்றது?"

இத்வல் எதைச் சொன்னாலும் ஊரில் பாதிப் பேர் பாதி நம்புவார்கள். இந்த ஒன்றைத் துளிகூட நம்பாதவள் மெரெரித் ஒருத்திதான். அவளோ அன்றைக்கு அங்கேயே இருந்தவள். கவுன்சில் கூடத்தின் மாடியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வெல்ஷ் மொழியில் பேசுகிறவர்களின் பேச்சை அப்படியே ஆங்கிலத்தில் மைக்கில் சொல்கிற வேலை அவளுக்கு. வெல்ஷ் தெரியாத உறுப்பினர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் குரலைக் கேட்பார்கள். இன்னும் அந்தக் கூண்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். அந்த வேலைக்கு ஒரே சட்டம்: பேசுகிறவர் சொன்னதைத்தான் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு சொல் சேர்த்தால் அன்றோடு வேலை போச்சு.

"சரி, முதல்லேர்ந்து சொல்றேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் இத்வல்.

டெக்வின் பாரி சிலேட்டுச் சுரங்கத்தில் இளமையைக் கழித்துவிட்டு, நுரையீரல் முழுக்கத் தூசியோடு கவுன்சிலுக்கு வந்தவர். இத்வலுக்கும் அவருக்கும் ஆகாது. கட்சி வேறு, தேவாலயம் வேறு, ரக்பியில் மட்டும் ஒரே அணி; அதிலும் எந்த ஆட்டக்காரர் உதவாக்கரை என்பதில் ஒத்துப்போனதில்லை. ஆனாலும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. கூடத்தில் சூடாகிற ஒரே ஹீட்டர் அங்கேதான் இருந்தது, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

டெக்வின் பேசினால் யாருக்கும் புரியாது. மூச்சு பாதி, முணுமுணுப்பு பாதி, மேலும் கீழும் ஆடுகிற பல்செட்டு மீதி. அவர் பேசுவதில் பாதி அவர் மனைவிக்குப் புரியும், முக்கால்வாசி அவர் நாய்க்குப் புரியும், முழுசாகப் புரிந்தது மெரெரித்துக்கு மட்டும்தான். அதனால் அவர் எழுந்தாலே கூடத்தில் ஒரு சடங்கு நடக்கும். வெல்ஷ் தெரியாதவர்கள் மட்டுமில்லை, தாய்ப்பாலோடு வெல்ஷ் குடித்தவர்களும் சேர்ந்து ஹெட்போனைத் தேடுவார்கள். டெக்வின் வாய் அசையும். எல்லார் காதிலும் மெரெரித்தின் குரல் கேட்கும். வருஷக்கணக்கில் ஊர் அறிந்த டெக்வின் பாரியின் குரல் ஒரு பெண் குரல்தான்.

அன்றைக்கு வந்த தீர்மானம் மேல் வரிசை பற்றியது. மேல் வரிசை என்பது மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தெரு. அதற்கு மேலே சுரங்கத்துச் சக்கையைக் கொட்டிக் கொட்டி எழுப்பிய மேடு. அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. மேட்டின் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிய ஆரம்பித்திருந்தது. குளிர்காலத்துக்கு முன்னால் தெருவையே காலி செய்து ஆட்களை வேறிடத்தில் குடிவைக்க வேண்டும் என்றது தீர்மானம். இன்னொரு ஆய்வு நடத்தலாம், வசந்தம் வரை பார்க்கலாம் என்றது எதிர்த் தரப்பு. எண்ணிப் பார்த்துவிட்டார்கள்: டெக்வினைச் சேர்த்தால் ஒரு ஓட்டில் ஜெயம். அவர் இல்லாவிட்டால் சமம். சமமானால் தலைவர் ஹார்வுட்டின் ஓட்டுதான் முடிவு. ஹார்வுட் நல்ல மனிதர், சுத்தமானவர், வெல்ஷில் காலை வணக்கம்கூடத் தெரியாதவர். ஆய்வு வேண்டும் என்று அவர் பகிரங்கமாகவே சொல்லியிருந்தார்.

டெக்வின் எழுந்து பேசினார். எல்லாரும் ஹெட்போனை மாட்டினார்கள்.

"அந்த மேட்டக் கொட்டினவன் நான்," என்றது மெரெரித்தின் குரல். "வண்டி வண்டியா கொட்டினேன். கீழ அப்பவே வீடுங்க இருந்துச்சு, கொட்ட வேணாம்னு நான் சொல்லல. இப்ப மழை பேஞ்சா எனக்குத் தூக்கம் வரல. எனக்குப் பயமா இருக்கு. நான் போறதுக்குள்ள அவங்கள அங்கேர்ந்து இறக்கிடுங்க."

உட்கார்ந்தார். அப்புறம் மற்றவர்கள் பேசினார்கள்.

"பேசினானுங்க பாரு," என்றார் இத்வல், "வெளியில மரம் ரெண்டு தடவ இலை உதிர்த்து ரெண்டு தடவ துளிர்த்துச்சு!"

"மேல சொல்லு," என்றார் த்ரெவோர்.

டெக்வின் தலை இத்வலின் தோளில் சாய்ந்தது. அதில் புதுசு ஒன்றுமில்லை. ஹீட்டர் பக்கம் உட்கார்ந்தவர்கள் தூங்குவது கவுன்சில் மரபு. இத்வல் முழங்கையால் இடித்தார். "யோவ், வீட்ல போய்த் தூங்குய்யா." அப்போது டெக்வினின் வாய் மெல்லத் திறந்தது. மேல் பல்செட்டு நழுவி, மேசைமேல் தாளில் விழுந்து, சிரித்துக்கொண்டு கிடந்தது.

இத்வல் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். மூக்கின் கீழே தன் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். மூச்சு படியாமல் கண்ணாடி தெளிவாக இருந்தது.

இந்த இடத்தில் இத்வல் ஒவ்வொரு முறையும் தேநீரை ஒரு வாய் குடிப்பார். இன்றைக்கும் குடித்தார்.

கத்தியிருக்கலாம். கத்தினால் கூட்டம் அப்போதே கலையும். எல்லாரும் எழுந்து தலைகுனிந்து நிற்பார்கள், அழகாக இரங்கல் சொல்வார்கள். அடுத்த கூட்டத்தில் டெக்வின் நாற்காலியில் பூங்கொத்து இருக்கும், ஓட்டு இருக்காது. சமம். ஹார்வுட். ஆய்வு. வசந்தம்.

இத்வல் பல்செட்டை எடுத்துத் தன் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். தன் கழுத்துத் துண்டைச் சுருட்டி டெக்வினின் தாடைக்குக் கீழே முட்டுக் கொடுத்தார். காலமெல்லாம் சண்டை போட்ட மனுஷனைச் சுற்றித் தோளோடு கை போட்டு அணைத்துக்கொண்டார். எதிரே இருந்தவர்கள் பார்த்து, கடைசியில் இவர்கள் ராசியாகிவிட்டார்கள் என்று நினைத்துப் புன்னகைத்தார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். தன் பெயர் வந்ததும் இத்வல் ஆதரவு என்றார். டெக்வின் பெயர் வந்தால் அவர் மாதிரியே முணுமுணுத்துவிடலாம் என்பது திட்டம். ஊரில் யாரை வேண்டுமானாலும் நடித்துக் காட்டுகிற தொண்டை அது. பாதிரியாரை அவர் மனைவியிடமே நடித்து ஏமாற்றிய தொண்டை.

"கவுன்சிலர் டெக்வின் பாரி."

எல்லார் கையும் ஹெட்போனுக்குப் போயிற்று. இத்வல் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தோளில் அந்தத் தலையின் கனம் மட்டும் தெரிந்தது.

"ஆதரவு," என்றது ஹெட்போன்.

"என் வாயிலேர்ந்து ஒரு சத்தமும் வரல," என்றார் இத்வல். "கேட்டுச்சு. அத்தன பேர் காதுலயும் கேட்டுச்சு. அப்ப யாரு பேசினது? செத்தவன்தான்!"

தீர்மானம் ஒரு ஓட்டில் ஜெயித்தது. ஹார்வுட் முடிவை அறிவித்து, அடுத்த விஷயமான பொதுக் கழிப்பறைக்குப் போனார். அதற்கப்புறம்தான் இத்வல் எழுந்து, "டாக்டரக் கூப்பிடுங்க!" என்று கத்தினார். வந்த டாக்டர் உயிர் எந்த நிமிஷம் போனது என்று சொல்லத் தெரியாமல் கையை விரித்தார். பல்செட்டு பாக்கெட்டிலேயே இருப்பது அடக்கத்தன்றைக்குத்தான் இத்வலுக்கு நினைவு வந்தது. மண் போடுகிற சாக்கில் அதையும் குழிக்குள் போட்டார். பெட்டிமேல் விழுந்த சத்தத்துக்கு விதவை திடுக்கிட்டுப் பார்த்தாள். "கல்லும்மா," என்றார் இத்வல்.

மேல் வரிசையைக் காலி செய்தார்கள். ஊர் நன்றி சொன்னதா? பிறந்த வீட்டைவிட்டு ஊர்க்கோடியில் பூசணம் பிடித்த அடுக்குமாடிக்குப் போனவர்கள் இத்வல் வீட்டு ஜன்னலில் முட்டை அடித்தார்கள். அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். இதைச் சொல்லும்போது, தன் ஜன்னலில் விழுந்த முட்டைகளுக்கு மாவட்டத்துக் கோழிகள் எல்லாம் ஓவர்டைம் பார்த்தன என்பார்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்கு முன்பே, பிப்ரவரியில் ஒரு காலையில் மேடு சரிந்து இறங்கியது.

இந்த இடத்துக்கு வந்தால் இரட்டிப்பு இத்வல் எதையும் இரட்டிப்பதில்லை. சத்தம் எப்படி இருந்தது என்று சொல்லமாட்டார். மேல் வரிசை இருந்த இடத்தில் கூரை, புகைபோக்கி எதுவும் தெரியவில்லை, கறுப்பாக இருந்தது என்பார், அவ்வளவுதான். தெருக்காரர்கள் எல்லாரும் கீழே அடுக்குமாடியில் இருந்தார்கள், ஒருவனைத் தவிர. க்ளின் பெவன். அடுக்குமாடியில் புறா வளர்க்க அனுமதி இல்லை என்பதால் பழைய வீட்டுக் கொல்லையிலேயே கூண்டை விட்டிருந்தான். தீனி போட விடியலில் ஏறிப் போயிருக்கிறான். இத்வலும் மண்வெட்டியோடு போனார். க்ளினின் உடல் கிடைத்தபோது பக்கத்தில் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

க்ளின், த்ரெவோரின் தங்கை புருஷன்.

த்ரெவோர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஊரில் அதற்கு முன்னால் யாரும் அவர் வழுக்கையைப் பார்த்ததில்லை.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்," என்றார். "செத்தவன் பேசமாட்டான். சரியா? அப்ப குரல் உன்னோடதுதான்."

"என் வாயிலேர்ந்து சத்தம் வரலன்னு சொன்னேனே..."

"பாதிரியார நடிச்சவன்தானே நீ? செத்தவன் பேர்ல கள்ள ஓட்டுப் போட்டிருக்க. அந்த ஓட்டு விழலன்னா எவனும் எங்கயும் போயிருக்கமாட்டான். க்ளின் அவன் வீட்ல படுத்திருப்பான்."

"படுத்திருப்பான், த்ரெவோர். அந்தத் தெருவே படுத்திருக்கும்."

"அது எனக்குத் தெரியாதா!" த்ரெவோர் மேசையைக் குத்தினார், கரண்டிகள் எகிறின. "தெரியும்யா. ஆனா என் தங்கச்சி ராத்திரியெல்லாம் ஒக்காந்து யாரத் திட்டுறதுன்னு தெரியாம மலையத் திட்டுறா. ஒரு ஆளு வேணும்யா எனக்கு. யாரு சொன்னது அந்த ஓட்ட? நீயா?"

இத்வல் மெரெரித்தின் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கழுத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தது தெரிந்தது. இத்தனை வருஷமாக ஆயிரம் விதமாக இந்தக் கதையைச் சொன்னவர், குரல் எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் மட்டும் எப்போதும் பிணத்தைத்தான் காட்டினார். மாடியில் இருந்த கண்ணாடிக் கூண்டைக் காட்டியதே இல்லை.

"ஆமா," என்றார் மெதுவாக. "நான்தான். என் குரல்தான். மத்ததெல்லாம் சும்மா வச்சுக் கட்டினது. உன் தங்கச்சிகிட்ட என் பேரச் சொல்லு."

இத்வல் ஒரு கதையைச் சின்னதாக்கியதைப் பொந்த்லாஸ் அன்றுதான் கேட்டது. கல்லாவில் இருந்த பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

மெரெரித் வெண்ணெய்க் கத்தியைத் தட்டில் வைத்தாள்.

"இவரு பேசல, த்ரெவோர்."

"நீ சும்மா இரு, மெரெரித்," என்றார் இத்வல் சட்டென்று. "உனக்கு எதுக்கும்மா இது? பொய்யின்னு சொல்லிட்டுப் போயேன், எப்பவும் போல."

"வாயத் தொறந்தாரு, சத்தம் வரல. மேலேர்ந்து நல்லாத் தெரியும். பல்லு தாள்ல விழுந்ததப் பாத்தேன். இவரு எடுத்துப் பாக்கெட்ல போட்டதப் பாத்தேன். துண்ட முட்டுக் குடுத்ததையும் பாத்தேன்."

"அப்ப ஆதரவுன்னு சொன்னது யாரு?" என்றார் த்ரெவோர்.

"நான்."

த்ரெவோரின் கை தொப்பிமேல் போய், அங்கேயே நின்றது.

"கொஞ்சம் முன்னாடிதான் அவருக்காக எனக்குப் பயமா இருக்குன்னு மைக்ல சொல்லியிருந்தேன்," என்றாள். "அவரு நான்னு சொன்னா நானும் நான்னுதான் சொல்லணும், அதான் எங்க வேல. சொல்லி முடிச்சிட்டேன், அந்தப் பயம் மட்டும் என்னோடயே தங்கிடுச்சு. அப்புறம் அவரு பேரக் கூப்பிட்டாங்க. எல்லாரும் காதுல கைய வச்சு என்னையே கேட்டாங்க." கோப்பையை எடுத்தாள்; காலியாக இருந்தது, திரும்ப வைத்தாள். "உன் தங்கச்சிக்கு ஆளு வேணும்னா நான் இருக்கேன். கவுன்சில்ல சொல்லணும்னாலும் சொல்லிக்கோ."

த்ரெவோர் தொப்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப டெக்வின்? அந்த நேரத்துல?"

"செத்துட்டாரு," என்றாள் மெரெரித். "செத்ததுக்கு அப்புறம்தான் ஓட்டுப் போட்டாரு. இத்வல் சொல்றது நெசம்."