குறைத்துக் கொடுங்கள்

அப்பா நீரேற்று நிலையத்தில் மோட்டார் இயக்குபவர். மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தவருக்குப் பகல் தூக்கம் கடைசிவரை பழகவே இல்லை. ஓய்வு பெறப் போகிற மாதத்திலும் கண்ணுக்குக் கீழே அதே கறுப்பு.

"பென்ஷன் வந்ததும் முதல்ல தூங்கணும்," என்பார்.

"பணத்து மேலயா? குத்தாது?" என்பாள் அம்மா.

ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து ஒருவர் நிலையத்துக்கே வந்து விளக்கக் கூட்டம் நடத்தினார். அப்பா இரவு ஷிப்ட் முடித்த கையோடு அதில் போய் உட்கார்ந்தார். பாதியைக் கேட்டார், மீதியில் தூங்கினார். வீட்டுக்கு வந்து சொன்னது இதுதான். ஓய்வூதியத்தை இரண்டு விதமாக வாங்கலாம். முழுசாக வாங்கினால் அவர் இருக்கும்வரை வரும், அவரோடு நின்றுவிடும். கொஞ்சம் குறைத்து வாங்கினால், அவருக்குப் பிறகு அம்மாவுக்குப் பாதி வரும்.

"ஒரு தடவை எழுதிக் குடுத்துட்டா மாத்த முடியாதாம். நான் குறைச்சுத்தான் வாங்கப் போறேன்."

"நீங்கதான் முதல்ல போவீங்கன்னு முடிவே பண்ணிட்டீங்களா?" அம்மா கட்டிலில் மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். அதற்குக் கீழே இறங்கினால் மூச்சு முட்டும்.

"உன்னைவிட மூத்தவன் நான். வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"ஆமா, சினிமா டிக்கெட் பாருங்க, வரிசையில போறதுக்கு."

நான் அவளுடைய மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

போன மாதம் இதய டாக்டர் என்னை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டார். அறிவியல் படித்தவள் என்று தெரிந்ததும் சுற்றி வளைக்காமல் பேசினார். ஒரு துடிப்புக்குத் தள்ள வேண்டிய ரத்தத்தில் பாதியைக்கூட இதயம் தள்ளவில்லை. மருந்தை இதற்கு மேல் கூட்ட முடியாது. ஒரு வருடம் ஓடினால் நல்லது. அப்பாவிடம் தெருமுனையில் நிறுத்திச் சொன்னேன். "டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க," என்றார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அம்மாவிடம் இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் சக ஊழியர் ஒருவர் வந்தார். நிலையத்தில் அவரை வால்வு என்பார்கள். அவர் வாய் திறந்தால் மூடுவது கஷ்டம். எனக்கு வால்வு சித்தப்பா.

"முழுசா வாங்குண்ணே," என்றார் அவர், டீயை ஆற்றியபடி. "என் மச்சான் குறைச்சு வாங்கினான். ரெண்டாவது மாசமே அவன் பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா. இன்னிக்கும் அவனுக்குக் குறைச்சுதான் வருது. யாருக்காகன்னு கேட்டா பேந்தப் பேந்த முழிக்கிறான்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதெப்படி? பிடிச்சது திரும்பி வரணுமே?"

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். அதற்குக் காரணம் இருந்தது. நிலையத்தில் ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் அவருக்காக உட்காருவார். பிறகு என்றைக்காவது இவருக்காக அவர் உட்காருவார். எதையும் எழுதி வைப்பதில்லை, இதுவரை ஒருவர் ஷிப்டும் வீணாய்ப் போனதில்லை. குறைக்கிற தொகையும் அதுபோல எங்கோ அம்மா பெயரில் நிற்கும், தேவைப்படாவிட்டால் அவரிடமே திரும்பிவிடும் என்பது அவர் கணக்கு.

"நீ சொல்லு பாப்பா. திரும்பி வரும்ல?"

கூட்டத்தில் அப்பாவுக்குக் கொடுத்த கையேட்டை நான் முழுக்கப் படித்திருந்தேன்.

"வராதுப்பா. குறைச்சது குறைச்சதுதான்."

உள்ளே அம்மா இருமுவது கேட்டது. வால்வு சித்தப்பா கட்டில் இருந்த அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வீட்டில் வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டார். அவர் தானாக எழுந்து போய் நான் பார்த்ததில்லை.

அன்று மாலை அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"ரெண்டுல எது லாபம்?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"பட்டம் வாங்கினவ சொல்ற பதிலாடி இது?"

எது லாபம் என்பது யார் முதலில் என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஓய்வூதிய அலுவலகத்தில் மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகக் கொடுத்தது. நாற்காலிகளை யாரும் தூக்கிப் போய்விடாதபடி ஒன்றோடொன்று கம்பியால் கட்டியிருந்தார்கள். ஒருவர் அசைந்தால் வரிசையே அசைந்தது. எங்கள் முறை வருவதற்குள் அம்மாவின் உதடு வெளுத்துவிட்டது. அப்பா அவளுக்கு விசிற ஒரு அட்டை தேடினார். கிடைக்கவில்லை. கைக்குட்டையால் விசிறினார்.

அதிகாரி ஒரு பெண். ஜலதோஷம், குரல் கட்டியிருந்தது. எந்த விதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மனைவியிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும், அதுதான் விதி என்றார். அப்பாவை வெளியே அனுப்பினார். அம்மாவைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் நான் மட்டும் இருந்தேன்.

"உங்களை யாராவது வற்புறுத்தறாங்களாம்மா?" மூக்கைத் துடைத்துக்கொண்டு, தாளைப் பார்த்தபடியே கேட்டார். அன்று காலையிலிருந்து எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ.

"ஆமாம்மா. குறைச்சுத்தான் வாங்குவேன்னு வற்புறுத்தறார்."

அதிகாரி நிமிர்ந்தார். "இங்க வர்றவங்க தலைகீழாத்தான் சொல்வாங்க."

"முழுசாப் போட்டுக் குடுங்க. நான் இருக்கப் போறதில்ல."

"அம்மா!"

"நீ சும்மா இருடி." அம்மா மூச்சுக்காக நிறுத்தினாள். "டாக்டர் உன்னைத் தனியாக் கூப்பிட்டுப் பேசின அன்னிக்கு, வீட்டுக்கு எதுல கூட்டிட்டு வந்தே? டாக்ஸியில. பையில பஸ் பாஸ் இருக்கு, டாக்ஸி பிடிக்கறா மகாராணி. அதுக்கப்புறம் உங்கப்பா என்னோட சண்டையே போடறதில்ல. நான் என்ன முட்டாளா?"

அதிகாரி குவளையில் தண்ணீர் ஊற்றி அம்மா பக்கம் தள்ளினார்.

"அவருக்கு அடுப்பு பத்த வைக்கவே தெரியாதும்மா," என்று அம்மா அவரிடமே சொன்னாள். "ஊருக்கெல்லாம் தண்ணி தள்ளினாரு, வீட்டுல ஒரு டீ போட்டதில்ல. இவளும் கல்யாணம் ஆகிப் போயிடுவா. ஆள் வச்சுத்தான் சாப்பிடணும். முழுசா வந்தா அதுக்காவது ஆகும்."

முழுத் தொகைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாள். நடுவில் ஒருமுறை பேனாவை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டாள்.

அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல குறைச்சு வாங்கறது எதும்மா?"

"உங்க மனைவி முழுசுக்குச் சம்மதம் குடுத்திருக்காங்க, ஐயா."

"சரிம்மா. குறைச்சது எது?"

"பிடிச்சது திரும்பி வராதுப்பா," என்றேன் மெதுவாக.

"அதான் சொன்னியே."

"என்னங்க, நான்தான் எழுதிக் குடுத்துட்டேனே," என்றாள் அம்மா.

"உன் சம்மதத்தை நீயே வச்சுக்கோ."

அதிகாரி பேனாவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "ஐயா, இன்னிக்கே போடணும்னு இல்ல. வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க. அப்புறம் மாத்த முடியாது."

"யோசிக்க ஒண்ணும் இல்லம்மா. குறைச்சுக் குடுங்க."

முழுத் தொகைக்கு நேராகக் கையெழுத்துப் போட்டால், அம்மாதான் முதலில் போவாள் என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தது போல ஆகும். நான் கையேட்டில் எத்தனையோ தடவை படித்ததில் இது எனக்குப் படவே இல்லை. அவர் கூட்டத்தில் தூங்கி வழிந்துவிட்டு வந்த அன்றைக்கே அது அவருக்குப் பட்டிருக்கிறது.

பேனாவை வாங்கி, குறைத்து வாங்குவதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி முத்திரை குத்தினார். அடுத்தவரைக் கூப்பிட அவர் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. அம்மா என் தோளில் சாய்ந்து நின்றாள். கோபத்தில் முகத்துக்குச் சிறிது நிறம் வந்திருந்தது.

"மாசா மாசம் வீணாப் போகப் போகுது. கண்ணு முன்னாடி. கொஞ்சமாவது அறிவு வேணாம் மனுஷனுக்கு?"

"வீணாப் போகாம இருக்க ஒரு வழி இருக்கு," என்றார் அப்பா. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வழி?"

"இருந்து வாங்கிக்கோ."

அம்மா அவரையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மூச்சு இழுத்தது. அது அடங்கும்வரை மூன்று பேரும் நின்றோம். ஒரு பஸ் நிற்காமல் போயிற்று.

"அப்ப ஆள் வைக்க முடியாது," என்றாள் கடைசியில். "நாளையிலிருந்து நீங்கதான் அடுப்புகிட்ட நிக்கணும். நான் கட்டில்ல இருந்தே சொல்லித் தரேன்."

"சரி."

"சரின்னு தலையாட்டினா ஆச்சா? கையைச் சுட்டுக்கிட்டா என்னைத் திட்டக் கூடாது."

"மாட்டேன்."

"கேட்டுக்கோடி," என்று என்னிடம் சொன்னாள். "நீதான் சாட்சி."